ஓர் அங்குல ரப்பரும் தோள் வீரமும்

பாட்டன் காலத்து லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் ஒன்றின் அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை பொருத்தலாமா என்று ஒருவர் கேட்டால், துப்பாக்கி அறிந்தவர்களிடமிருந்து அவருக்குப் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கும். முதலாவது ஏளனம்: உதையைத் தாங்க முடியாத தோளுக்கு ரைஃபிள் எதற்கு? இரண்டாவது துக்கம்: நூறாண்டு கண்ட வால்நட் கட்டையில் ரம்பம் வைப்பதா? முதலாமவர் சுடுபவரின் ஆண்மைக்குக் காவல் நிற்கிறார். இரண்டாமவர் மரத்துக்குக் காவல் நிற்கிறார். குழலின் மறுமுனைக்கு எதிரே நிற்கும் விலங்கைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ரப்பர் மெத்தை பற்றிய வழக்கில் முதல் உரிமையாளர் அந்த விலங்குதான். அதன் தரப்பு இதுவரை ஒழுங்காக எடுத்துரைக்கப்படவில்லை.

விசைக்குக் கீழே வளையமாகத் தொங்கும் நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே ஏறும் துப்பாக்கியே லீவர் ஆக்‌ஷன். கௌபாய் படம் பார்த்தவர்கள் அனைவரும் அறிந்த உருவம் அது. அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே இன்றும் மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படுவது. ஆனால் அதன் ஒரு கிளை தென்னிந்தியக் காடுகளிலும் நடமாடியது. பெங்களூரில் வாழ்ந்து 1974இல் மறைந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி, அஞ்செட்டி, சேகூர்ப் பகுதிகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிச் சென்றபோது கையில் எடுத்துச் சென்றது வின்செஸ்டர் 1895ஆம் ஆண்டு மாதிரியைச் சேர்ந்த .405 ரைஃபிள். ஜிம் கார்பெட் முதலிய வட இந்திய வேட்டைக்காரர்கள் ஆங்கிலேயத் துப்பாக்கிகளோடு நின்றபோது, ஆண்டர்சனின் நூல்கள் வழியாக ஓர் அமெரிக்க லீவர் ரைஃபிள் இந்திய வாசகரின் மனத்தில் இடம்பிடித்தது. அதே ரைஃபிளை அதற்கு முன்பே உலகறியச் செய்தவர் தியடோர் ரூஸ்வெல்ட். 1909இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பயணத்தில் அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து வீழ்த்திய விலங்குகள் 512. அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் .405க்கு ஒரு புராணத்தையே உருவாக்கிக் கொடுத்தது.

புராணத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கைப் பார்க்கலாம். .405 தோட்டாவின் குண்டு 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்குச் சற்று அதிகம். அது குழலை விட்டு நொடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதன் பின்னால் வெடிமருந்தின் வாயுவும் இன்னும் அதிக வேகத்தில் பீறிடுகிறது. இந்த உந்தம் முழுவதையும் சுமார் 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிள் எதிர்த்திசையில் வாங்கிக்கொள்கிறது. விளைவு: ரைஃபிள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், 45 ஜூல் அளவு ஆற்றலோடு தோளை நோக்கி வருகிறது. அமெரிக்கக் காடுகளின் அன்றாடத் தோட்டாவாகிய .30-30இல் இந்த ஆற்றல் ஏறத்தாழ 16 ஜூல்தான். ஒரே குடும்பத் துப்பாக்கி, ஒரே தோற்றம். உதை மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்த உதை தோளில் எதன் வழியாக இறங்குகிறது என்பதுதான் அடுத்த கேள்வி. பழைய வின்செஸ்டர்களின் வழக்கமான அடித்தகடு இரும்பாலானது. பிறை நிலா வடிவில் உட்குழிந்தது. மேலும் கீழும் இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். இதை அழகு என்று கொண்டாடுகிறவர்கள் இதன் வரலாற்றைச் சொல்வதில்லை. அந்தப் பிறை, கரிமருந்துக் காலத்தில், மென்மையான தோட்டாக்களுக்காக வகுக்கப்பட்ட வடிவம். 1873ஆம் ஆண்டு வின்செஸ்டரின் .44-40 தோட்டாவில் 200 கிரெய்ன் குண்டும் 40 கிரெய்ன் கரிமருந்தும் மட்டுமே இருந்தன. பிறையைத் தோள்குழியில் பதிக்காமல் மேற்கையின் வளைவில் மாட்டிக்கொண்டு சுடுவது அக்காலத்து வழக்கம். அந்த உதைக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னர் புகையில்லா மருந்து வந்தது. தோட்டாக்கள் பல மடங்கு வலுத்தன. வடிவம் மட்டும் மாறவில்லை. 1904இல் .405 வெளிவந்தபோதும் பழைய பிறைத் தகடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டையான ‘ஷாட்கன்’ அடிக்கட்டையை விரும்பியவர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆக, இன்று பாரம்பரியம் என்ற பெயரில் காக்கப்படுவது தொழிற்சாலை தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளச் சோம்பிய தருணம். வேறொரு தோட்டாவுக்காக, வேறொரு சுடும் முறைக்காக வகுத்த வடிவத்தை .405இன் பின்னால் வைத்துவிட்டு, அதைத் தாங்குவதுதான் ஆண்மை என்பது விந்தையான வாதம்.

கட்டையின் சாய்வும் இதில் சேர்கிறது. பழைய லீவர் ரைஃபிள்களின் அடிக்கட்டை குழலின் கோட்டிலிருந்து கணிசமாகத் தாழ்ந்து செல்லும். அதனால் உதை நேர்கோட்டில் பின்னோக்கி மட்டும் வருவதில்லை. குழல் மேலே எகிறுகிறது, மெல்லிய கட்டை முகடு கன்ன எலும்பைத் தேடி வருகிறது. தோளிலும் கன்னத்திலும் ஒரே நேரத்தில் அடி வாங்கியவர் அடுத்த முறை விசையைத் தொடும்போது, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்த அடியை நினைவில் வைத்திருப்பார். அவருடைய அறிவு மறந்தாலும் உடல் மறக்காது.

இந்த விவாதம் முழுவதும் தொங்கி நிற்கும் ஆணி இந்த நினைவுதான். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. தோள் வலியை உணர்வதற்கு முன்பே குண்டு வெளியேறிவிட்டது. ஆகவே உதை நேரடியாகக் குறியைக் கெடுப்பதில்லை. உதை வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புதான் கெடுக்கிறது. விசை விழுவதற்குச் சற்று முன் கண்கள் மூடுகின்றன. தோள் முன்னே தள்ளுகிறது. விரல் விசையை அழுத்துவதற்குப் பதிலாகப் பிடுங்குகிறது. குழல்முனை கீழே தாழ்கிறது. இதைக் கோழைத்தனம் என்பவர், முகத்துக்கு நேரே பந்து வரும்போது இமைக்காமல் நிற்கும் ஒருவரைக் காட்டட்டும். இமைத்தல் எப்படி மனத் துணிவின் அளவுகோல் இல்லையோ, இதுவும் அப்படித்தான். ஆண்டுக்கணக்கில் சுட்டவர்களையும் இது விடுவதில்லை. பலருக்குத் தமக்கு இது இருப்பதே தெரியாது. உதையின் ஆரவாரம் அந்தச் சிறு தாழ்வை மறைத்துவிடுகிறது.

ஒரு மீட்டருக்குச் சற்றே மேல் நீளமுள்ள ரைஃபிளின் முனை 3 மில்லிமீட்டர் தாழ்ந்தால், 80 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ ஒரு சாண் விலகும். நெஞ்சுக்கூட்டை நோக்கிய குண்டு முன்னங்காலை முறிக்கும். விசையைப் பிடுங்கிய விரல் பக்கவாட்டிலும் இழுத்திருந்தால் குடலில் இறங்கும். நுரையீரலில் குண்டு வாங்கிய விலங்கு சில நூறு அடிகளுக்குள் விழுந்துவிடும். குடலில் வாங்கியது மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் புதருக்குள் கிடந்து சாகும். கால் முறிந்தது சாகாமலும் போகலாம். அதுதான் இன்னும் கொடிது.

காயம்பட்ட விலங்கு என்ன செய்யும் என்பதற்கு இந்தியாவில் சாட்சியம் தேட வேண்டியதில்லை. 1907இல் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாவூனிலுமாக 436 மனித உயிர்களைக் குடித்ததாகக் கணக்கு. அதன் வாயின் வலப்புறத்தில் மேல் கோரைப்பல் பாதியாகவும், கீழ்க் கோரைப்பல் எலும்பு வரையிலும் உடைந்திருந்தன. அது பழைய குண்டுக் காயம் என்று கார்பெட் பதிவு செய்தார். 1944இல் வெளியான குமாவூன் நூலின் முன்னுரையில், புலி ஆட்கொல்லியாவதற்குப் பத்தில் ஒன்பது முறை காயமே காரணம் என்று அவர் எழுதினார். அந்தக் காயங்களின் தோற்றுவாய்களில் முதலாவதாக அவர் குறிப்பிட்டது, கவனமின்றிச் சுட்டுவிட்டுத் தொடர்ந்து சென்று முடிக்காமல் விட்ட வேட்டை.

எல்லாக் காயங்களும் .405இன் உதைக்கு அஞ்சிய சாகிப்களால் நேர்ந்தவை அல்ல. முள்ளம்பன்றியின் முட்கள் உண்டு. வயலைக் காக்க நாட்டுத் துப்பாக்கியில் ஆணியும் இரும்புத் துண்டும் இட்டுச் சுட்ட உழவர்கள் உண்டு. சம்பாவத் புலியைக் காயப்படுத்தியவர் யார், எதனால் குறி தவறினார் என்று யாரும் சொல்ல முடியாது. அதைச் சுட்டவரின் தோளில் ரப்பர் இருந்திருந்தால் 436 பேர் பிழைத்திருப்பார்கள் என்று எவரேனும் எழுதினால் அது வெறும் பிதற்றல். ஆனால் குறி தவறிய ஒரு குண்டின் விலை எங்கு, யாரால், எத்தனை ஆண்டு கழித்துச் செலுத்தப்படுகிறது என்பதை அந்த உடைந்த பற்கள் காட்டுகின்றன. விலை அப்படிப்பட்டதாக இருக்கும்போது, குறி தவறுவதற்கான காரணங்களில் மலிவாக நீக்கக்கூடிய ஒன்றை வீரத்தின் பெயரால் வைத்துக்கொண்டிருப்பதற்கு நியாயம் வேண்டும்.

வேட்டை இலக்கியம் இந்த நியாயத்தைத் தந்ததில்லை. மாறாக, அதை மறைத்துவிட்டது. காயம்பட்ட புலியைப் புதருக்குள் பின்தொடர்ந்து செல்வதே அந்த இலக்கியத்தின் உச்சக் காட்சி. இரத்தத் துளி, மடங்கிய புல், காற்றின் திசை, திடீரென ஓர் உறுமல். வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்கிறார். அந்தக் காட்சி ஏன் தேவைப்பட்டது என்று யாரும் நின்று கேட்பதில்லை. முதல் குண்டு சரியான இடத்தில் விழுந்திருந்தால் அந்த அத்தியாயமே இல்லை. பிழையிலிருந்து பிறந்த ஆபத்து துணிச்சலின் சான்றாக அச்சேறியது. அந்தப் புதருக்குள் இரத்தத் தடம் பார்த்துக்கொண்டு முன்னே நடந்தவர் பெரும்பாலும் சாகிப் அல்லர். ஆண்டர்சனின் நூல்களிலேயே பூசாரிகளும் இருளர்களும் சோழகர்களும் அந்த வேலையைச் செய்கிறார்கள். அவர்களை நண்பர்களாக மதித்து எழுதிய மிகச் சிலரில் அவரும் ஒருவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தக் கால வேட்டை முழுவதையும் பார்த்தால், ஒருவரின் தோள் கௌரவத்துக்கான ஈட்டுறுதியாக வேறொருவரின் உடல் வைக்கப்பட்டிருந்தது. கையில் கத்தியோ கோலோ மட்டும் வைத்திருந்தவரின் உடல்.

சாகிப்களே உண்மையில் அந்தத் தோள் வீரத்தை நம்பினார்களா? ஆண்மை வாதத்தை முறிக்க அமெரிக்கா போக வேண்டாம், லண்டன் போதும். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பட்டறைகள் செய்துகொடுத்த இரட்டைக்குழல் ரைஃபிள்களைப் பின்புறம் திருப்பிப் பார்த்தால் போதும். செம்பழுப்பு நிற ரப்பர் மெத்தை, கட்டையோடு ஒழுங்காக இழைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும். மகாராஜாக்களும் கவர்னர்களும் பொன் கொட்டி வாங்கிய துப்பாக்கிகள் அவை. ரப்பர் வைத்ததால் யாருடைய மீசையும் உதிர்ந்துவிடவில்லை. அந்தத் துப்பாக்கிகளின் எடையும் .405ஐவிட அதிகம், எடை கூடினால் உதை குறையும் என்பதையும் அந்தப் பட்டறைகள் அறிந்திருந்தன. எடை குறைந்த ரைஃபிளையும் இரும்புப் பிறையையும் சேர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு ரப்பரைப் பழிப்பவர், தாம் போற்றும் பெருவேட்டை மரபையே அறியாதவர். அமெரிக்காவிலும் இன்று .45-70 போன்ற கனமான தோட்டாவுக்காக மார்லின் செய்யும் லீவர் ரைஃபிள்கள் தொழிற்சாலையிலேயே ரப்பர் மெத்தையோடுதான் வருகின்றன.

தோள் வீரர்களிடம் ஒரு வலுவான வாதம் உண்டு. விலங்கு எதிரே நிற்கும்போது யாருக்கும் உதை தெரிவதில்லை என்பார்கள். உண்மைதான். குருதி கொதிக்கும் அந்தக் கணத்தில் .405இன் அடியும் ஒரு தட்டலாகவே படும். ஆனால் அந்தக் கணத்தில் விசையை இழுக்கும் விரல் எங்கே பழகியது? சுடுகளத்தில், மேசைமுன் அமர்ந்து, மெல்லிய பருத்திச் சட்டையோடு. தோட்டாவின் விலைக்கும் தோளின் கறுத்த தழும்புக்கும் இடையே பத்துக்கு மேல் சுட மனமில்லாத பயிற்சியில். உடல் அங்கே கற்றுக்கொண்ட பிடுங்கலைத்தான் காட்டிலும் செய்கிறது. வலி தெரியாமல் செய்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. மேலும், உதை மிகுந்த ரைஃபிளை வைத்திருப்பவர் அதை அடிக்கடி எடுக்க மாட்டார். எடுக்காதவர் பழக மாட்டார். ரப்பர் மெத்தையின் முதற்பயன் காட்டில் இல்லை. களத்தில் இருபதாவது தோட்டாவையும் முதல் தோட்டாவைப் போலவே சுட வைப்பதில் இருக்கிறது. லீவர் ரைஃபிளின் தனிச்சிறப்பே தோளிலிருந்து எடுக்காமல் இரண்டாவது குண்டை விரைந்து அனுப்புவது. முதல் உதையிலேயே கட்டை தோளைவிட்டு நழுவிக் கன்னத்தை இடிக்குமானால் அந்தச் சிறப்பு ஏட்டில்தான் இருக்கும்.

மெத்தை செய்வது மாயமும் அன்று. உயரத்திலிருந்து வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னோக்கி இழுத்தபடி பிடிக்கிறார். பந்தின் உந்தம் குறையவில்லை, அது நிற்க எடுத்துக்கொண்ட நேரம் கூடியது. ரப்பரும் அதையே செய்கிறது. அத்தோடு, இரண்டு கொம்புகளில் குவிந்த அழுத்தத்தை அகலமான பரப்பில் பரப்புகிறது. அவ்வளவே. உதையைப் பாதியாக்கும், முக்கால்வாசியை விழுங்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களும் இந்த வழக்கில் குற்றவாளிகள்தாம். கட்டை ஆளுக்குப் பொருந்தாவிட்டால், துப்பாக்கியைத் தோள்குழியில் இறுக்கிப் பிடிக்கத் தெரியாவிட்டால், எந்த ரப்பரும் காப்பாற்றாது. .30-30க்குப் பெரும்பாலோருக்கு மெத்தையே தேவைப்படாது என்பதையும் வணிகர்கள் சொல்ல மாட்டார்கள்.

இப்போது மரத்துக்காகத் துக்கப்படுகிறவர்கள். இவர்களுடைய வாதத்துக்கு மரியாதை உண்டு. வெட்டிய கட்டை மீண்டும் வளராது. கலையாத ஒரு 1895 மாதிரி வரலாற்று ஆவணம். அதன் அடியில் ஓர் அங்குலம் அறுத்தால் ஆவணத்தின் ஒரு பக்கம் கிழிந்தது போலத்தான். ஆனால் அறுப்பது ஒன்றே வழி என்று யார் சொன்னது? தோலால் தைத்துக் கயிறிட்டு இறுக்கும் உறை உண்டு. அதனுள் மெத்தை இருக்கும், ஓர் ஆணியும் கட்டையில் ஏறாது. காலுறை போல மாட்டும் ரப்பர் உறை உண்டு; பார்வைக்கு அழகில்லை, வேலைக்குக் குறைவில்லை. இரண்டிலும் ஒரு சிக்கல்: விசையிலிருந்து அடிக்கட்டை வரையிலான நீளம் கூடிவிடும். பழைய லீவர் ரைஃபிள்களில் அந்த நீளம் 13 அங்குலத்தை ஒட்டியிருக்கும். உயரமானவருக்கு ஓர் அங்குலம் கூடுவது நன்மையாகவே முடியும். கை குட்டையானவருக்கு, லீவரைத் தோளிலேயே இயக்க முயலும்போது, கட்டை அக்குளில் சிக்கும். அப்படிப்பட்டவருக்குச் சரியான வழி, வேறொரு கட்டையைச் செய்து அதில் மெத்தை பொருத்திக்கொண்டு, மூலக் கட்டையை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பது. லீவர் ரைஃபிளின் அடிக்கட்டை முன்கட்டையிலிருந்து தனியான துண்டு. சில திருகுகளில் கழன்று வரும். நூறாண்டுக்கு முன் அதை வகுத்தவர்கள் இந்த வசதியையாவது விட்டுச்சென்றிருக்கிறார்கள்.

அறுத்தேயாக வேண்டும் என்றால் அதற்கும் முறை உண்டு. மெத்தையின் கனத்தைக் கழித்து அளந்து, வெட்டுக்கோட்டின் மேல் ஒட்டுநாடா சுற்றி, நுண்பல் ரம்பத்தால் ஒரே மூச்சில் அறுக்க வேண்டும். இல்லையேல் விளிம்பு சிதறும். பழைய திருகுத் துளைகளில் மரக்குச்சி அடித்துப் பசையிட்டு அடைத்த பிறகே புதுத் துளை. வெட்டிய முகத்தை எண்ணெயோ வார்னிஷோ ஊட்டி மூடாவிட்டால், மலநாட்டின் ஆறு மாத மழையில் அந்தத் திறந்த மரம் ஈரம் குடித்து வீங்கும். இந்தியாவில் இந்த வேலையை வீட்டுத் தச்சரிடம் கொடுக்கலாகாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். ரப்பரும் சிரஞ்சீவி அன்று. நம் வெப்பத்தில் அது இறுகும், வெடிக்கும், சிலவகை பிசுபிசுத்துக் கசியும். பழைய ஆங்கிலேய ரைஃபிள்களின் சிவப்பு மெத்தைகள் பல இன்று செங்கல்லுக்கு ஒப்பானவை. நகத்தால் அழுத்தினால் பதியாத மெத்தை மெத்தையே இல்லை. அதை நம்பித் தோளில் வைப்பவர் இரும்புத் தகட்டோடு சுடுபவரைவிட ஏமாந்தவர்.

வேட்டையே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்துவிட்ட நாட்டில் இந்த வழக்கு எதற்கு என்று கேட்கலாம். முடிந்தது விளையாட்டு வேட்டை. துப்பாக்கிகள் முடியவில்லை, விலங்குகளைச் சுடுவதும் முடியவில்லை. குடகில் கைல்போது நாளன்று பூச்சூட்டி வணங்கப்படும் துப்பாக்கிகள் இன்றும் வீடுகளில் இருக்கின்றன. உரிமம் பெறுவதிலிருந்து குடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையோருக்கும் விலக்கும் தொடர்கிறது. 2016இல் பீகாரின் மொகாமாப் பகுதியில் பயிரை அழித்த நீலமான்கள் நூற்றுக்கணக்கில் சுடப்பட்டன. கேரளத்தில் 2022 முதல், பயிரை மேயும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதிக்கும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவர்களின் கையில் இருக்கிறது. உரிமம் பெற்ற உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்களே வேலையைச் செய்கிறார்கள். இவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் லீவர் ரைஃபிள்கள் அல்ல. பன்னிரண்டு போர் இரட்டைக்குழல்கள், தந்தையிடமிருந்து வந்தவை, பலவற்றின் அடியில் மரமோ இறுகிய தகடோ மட்டும். கனத்த தோட்டா இட்டால் அவற்றின் உதையும் .405க்கு இளைத்ததன்று. இரவில், கைவிளக்கின் வெளிச்சத்தில், ஓடும் பன்றியைச் சுடும் தோள் அது.

குடலில் குண்டோடு தப்பிய காட்டுப்பன்றி மறுநாள் காலை ரப்பர்த் தோட்டத்துக்குள்ளோ காப்பிச் செடிகளுக்கிடையிலோ படுத்துக் கிடக்கும். அதன் மேல் தடுக்கி விழப்போகிறவர் சுட்டவர் அல்லர். பால் வெட்ட விடியலில் வரும் தொழிலாளி, பழம் பறிக்க வரும் பெண். வேட்டை இலக்கியத்தில் இரத்தத் தடத்தின் முன்னே நடந்தவர் அன்று யாரோ, இன்றும் அவருடைய பேரப்பிள்ளைகள்தாம். தோட்டப் பாதையில் அவர்களை நிறுத்திவிட்டு, மெத்தை வைத்தால் ஆண்மை போகும், கட்டையை மாற்றினால் மரபு போகும் என்று வாதிடத் துணிபவர் வாதிடட்டும்.

இவர்களுக்கு அனுமதித் தாள் கொடுப்பதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. செலவில்லாதது, ஐந்து நிமிடத்தில் முடிவது. சுடுபவர் அறியாதபடி உண்மைத் தோட்டாக்களுக்கிடையே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை வேறொருவர் ஏற்றிக் கொடுக்க வேண்டும். சுத்தியல் ‘டக்’ என்று வெற்றில் விழும்போது குழல்முனையைப் பார்த்தால் போதும். அசையாமல் நின்றால் அவர் காட்டுக்குப் போகலாம். தலை குனிந்து கீழே தாழ்ந்தால், முதலில் துப்பாக்கிக் கடைக்குப் போய் ஓர் அங்குல ரப்பர் வாங்கி வரட்டும். பிறகு அதே சோதனைக்கு மறுபடியும் வந்து நிற்கட்டும்.